ஒரு இடம், ஒரு கார்டு

தி.நகர்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு தெரு கீது. பேரு வேணாம். அந்தத் தெருவுல மூடிக் கெடக்கற ஒரு பாத்திரக் கடை செவுத்த ஒட்டி, ஒரு ஆளு கால மடக்கி ஒக்கார்ற அளவுக்கு ஒரு எடம். அந்த எடத்துலதான் பதினாலு வருஷம் நானும் கீரைக்கார அக்காவும் பொழச்சோம். காலைல அக்கா, மத்தியானத்துக்கு மேல நான்.

அக்கா விடிகால அஞ்சு மணிக்கெல்லாம் வந்து கோணிய விரிச்சிடும். மொளக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லி, புதினா. பன்னண்டு மணிக்கு மிச்சம் மீதியக் கூடைல போட்டுக்கினு, எடத்தப் பெருக்கி, தண்ணி தெளிச்சி வுட்டுட்டுப் போவும். அந்த ஈரம் காயறதுக்குள்ள நான் வந்து ஒரு பிளாஸ்டிக் ஷீட்ட விரிச்சி, கிளிப்பு, ஊக்கு, பொட்டு, வளையல், ரப்பர் பேண்டுன்னு பரப்பிடுவேன். கொடை மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு. கீரை வாங்கற ஜனம் காலைல வரும், துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் வர்ற ஜனம் சாயங்காலம் வரும். எங்களுக்குள்ள சண்டை வர வழியே இல்ல. பதினாலு வருஷத்துல ஒரே ஒரு தடவ சண்டை வந்துச்சு, அதுவும் கொடைக் கம்பிய யாரு ஒடச்சதுன்னு. நாந்தான் ஒடச்சேன். இப்ப சொல்றதுக்கு இன்னா.

அக்காவுக்கு முன்ன அடையாத்துக் கரையில குடிசை. அத்த இடிச்சிட்டு, ஊருக்கு வெளிய, எங்கியோ கண்காணாத எடத்துல மாடி வூடு குடுத்தாங்க. வூடு குடுத்த கவர்மெண்ட்டு, கீரை வாங்கறவங்கள அங்க குடுக்கல. அதனால அக்கா ரெண்டு பஸ்ஸு மாறி தெனமும் தி.நகருக்கே வரும். புருஷன் படுத்த படுக்கை. அந்த மனுஷனுக்குக் கஞ்சி ஊத்தறதும் மாத்திரை வாங்கறதும் காலைல அந்த ஏழு மணி நேரத்து யாவாரத்துலதான். எனக்கு ஆதம்பாக்கத்துல ஒரு ரூம்பு வாடகைக்கு. வூட்டுக்காரு போய்ச் சேந்துட்டாரு. பொண்ணு பிளஸ் டூ படிச்சிக்கினு இருந்தா. அந்த எடம் போச்சுன்னா ரெண்டு வூட்லயும் அடுப்பு இல்ல, அவ்ளோதான் கணக்கு.

இப்ப லாரி கத சொல்லணும், அது தெரியலன்னா எங்க முட்டாத்தனம் ஒங்களுக்குப் புரியாது. பிளாட்பாரத்தக் காலி பண்ணறேன்னு அப்பப்ப ஒரு லாரி வரும். வந்தா எடத்துல இருக்கற சரக்க அப்படியே வாரிப் போட்டுக்கினு போயிடுவாங்க. மத்தியானம், ஆளு மாத்தற நேரத்துல வந்துட்டா அக்கா சரக்கும் போவும், என் சரக்கும் போவும். அதுக்குன்னு எங்க தெருவுல ஒரு பழக்கம். லாரி சத்தம் கேட்டவொடனே ரெண்டு பேர்ல ஒருத்தி சடார்னு எழுந்து, தன் சரக்கப் பைல திணிச்சிக்கினு, வாங்க வந்த பொம்பள மாதிரி நிப்பா. பேரம் பேசுவா. வாங்க வந்தவ பைல லாரிக்காரன் கை வெக்க மாட்டான். ஒருத்தி சரக்குப் போனாலும் இன்னொருத்தி சரக்கு தப்பிக்கும். தப்பிச்சத வெச்சி ரெண்டு வூடும் அன்னைக்கு சாப்பிடும்.

அக்கா இந்த வேஷத்துல படா கெட்டிக்காரி. கண்ணாடி வளையல வெளிச்சத்துல தூக்கிப் பாக்கும், ஒதட்டப் பிதுக்கும், "இத்தப் போய் எவளாச்சும் வாங்குவாளா"ன்னு கேக்கும். லாரி போன அப்பறமும் எனக்குக் கோவம் தீராது. அவ்ளோ ஒரிஜினலா பேசும்.

ஒரு நாளு எங்க தெரு டிரான்ஸ்பார்மர் பெட்டி மேல ஒரு நோட்டீஸு ஒட்டியிருந்துச்சு. தெருவோர யாவாரிங்களுக்கு எடம் ஒதுக்கி, கார்டு தரப் போறாங்களாம். அதுக்கு விதி போடணும், வந்து கருத்து சொல்லுங்கன்னு கூட்டம். எந்த நேரம்? சாயங்காலம் ஆறு மணி. தி.நகர்ல ஆறு மணிக்கு யாவாரத்த வுட்டுட்டு எவ போவா? காலை ஆளுங்க அந்நேரத்துக்கு வூடு போய் சேந்திருக்கும். நாங்க யாரும் போவல. போனவங்க யாரோ, சொன்னது இன்னாவோ. அப்பால அந்த நோட்டீஸு மேலயே ஒரு டியூஷன் விளம்பரத்த ஒட்டிட்டாங்க.

கொஞ்ச மாசம் கழிச்சி ஒரு மத்தியானம். அக்கா கூடைய அடுக்கிக்கினு இருந்துச்சு, நான் ஷீட்ட விரிச்சிக்கினு இருந்தேன். தெருமொனையில ஒரு ஜீப்பு. கூட ஒரு போலீஸ்காரர். கழுத்துல அட்ட மாட்டின ஒருத்தர் கைல பெரிய போனு மாதிரி ஒரு டேப் வெச்சிக்கினு ஒவ்வொரு எடமா வந்துக்கினு இருந்தாரு. ஜீப்பையும் காக்கியையும் பாத்தா நாங்க யோசிப்பமா? அதுக்குள்ள அக்கா எழுந்து, கீரைக்கட்டப் பைக்குள்ள போட்டு, முந்தானையால மூடி, என் எதிர்ல வந்து நின்னுக்கிச்சு.

அவரு வந்தாரு. "இந்த இடத்துல யாரும்மா வியாபாரம்?"

"நாந்தான் சார். நான் ஒருத்திதான்."

"இது இன்னாமே, ரெண்டு கிளிப்பு தர்றதுக்கு இப்பிடி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற"ன்னு அக்கா ஆரம்பிச்சிடுச்சு. அவரு என் பேரு, ஆதார் நம்பரு எல்லாம் கேட்டாரு. ரெண்டு அடி பின்னால போயி ஒரு போட்டோ புடிச்சாரு. போயிட்டாரு. லாரியும் வரல, சரக்கும் போவல. நாங்க ரெண்டு பேரும் வாயப் பொத்திக்கினு சிரிச்சோம். அந்தச் சிரிப்ப இப்ப நெனச்சா எனக்கு வவுறு எரியுது.

எதிர்ல பூ கட்டறவ ஓடி வந்தா. "அடிப்பாவிங்களா, அது லாரி ஆளு இல்ல. கார்டுக்கு எழுதறாரு. பேரு குடுத்தாத்தான் கார்டு."

அக்காவ இஸ்துகினு ஓடுனேன். தெருக் கடைசியில அவரப் புடிச்சோம். சார், இவங்களும் அதே எடத்துலதான், காலைல கீரை விக்கறாங்கன்னு மூச்சு வாங்கச் சொன்னேன். அவரு நல்ல மனுஷன்தான், எரிச்சல் படல. டேப்ப எங்க பக்கம் திருப்பியே காட்டுனாரு. "பாருங்கம்மா, ஒரு இடத்துக்கு ஒரு பேருதான் ஏறும். ரெண்டாவது பேரு அடிச்சா செவப்பா காட்டுது. நான் என்ன பண்றது? ஆபீஸ்ல கேளுங்க."

திரும்பி நடந்து வர்ற வழியில அக்காதான் எனக்கு சமாதானம் சொல்லிச்சு. "வுடுமே. ஒன் பேருல இருந்தா இன்னா, என் பேருல இருந்தா இன்னா. எடம் எங்கயும் பூடாது." எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. பதினாலு வருஷமா எந்தக் காயிதம் எங்களப் பிரிச்சிச்சு?

கார்டு வந்துச்சு. நீல நாடா போட்டு, என் போட்டோ ஒட்டி. மேடை போட்டுக் குடுத்தாங்க. அக்கா கூட வந்து கை தட்டிச்சு. வூட்ல போயி பொண்ணு பின்பக்கத்தப் படிச்சா. அட்டைதாரர் மட்டுமே வியாபாரம் செய்ய வேண்டும், இடத்தை வேறு யாருக்கும் விட்டால் அட்டை ரத்து. "அம்மா, அப்ப பெரியம்மா?"ன்னு கேட்டா. சும்மா கெட, அதெல்லாம் எழுதறதுக்கு எழுதி வெச்சிருப்பாங்கன்னு அவ வாய அடக்கிட்டேன். கவர்மெண்ட்டு எழுதறதுல எது நடக்கும் எது நடக்காதுன்னு எங்களுக்கு ஒரு கணக்கு கீது. அந்தக் கணக்கு இந்த ஒரு தடவ தப்பாப் போச்சு.

அடுத்த வாரமே ஒருத்தர் வந்தாரு. தெருவுல கார்டு இல்லாதவங்க ஒக்காந்து கீறாங்களான்னு போன்ல போட்டோ புடிக்கிறதுதான் அவரு வேல. காலைல ஏழு மணி. கார்டு எங்கன்னு கேட்டாரு. அக்கா என் பேரச் சொல்லிச்சு. அந்தம்மா எங்க, நீ யாருன்னாரு. இன்னொரு நாள் பாத்தா கீரைய வாரிக் குப்பை வண்டில போட்டுடுவேன்னு சொல்லிட்டுப் போனாரு. மூணாவது நாள் அதயே செஞ்சாரு. நான் மத்தியானம் வந்தப்ப அக்கா வெறுங்கூடைய மடியில வெச்சிக்கினு அங்கயே ஒக்காந்திருந்துச்சு. வூட்டுக்குப் போவல. போயி அந்த மனுஷன் மூஞ்சில எப்பிடி முழிக்கறதுன்னு கேட்டுச்சு.

எனக்கு வாய் நீளம். கோவத்தோடதான் ஆபீஸுக்குப் போனேன். ரெண்டு நாள் யாவாரத்தக் கெடுத்துக்கினு பெஞ்சுல ஒக்காந்தேன். மூணாவது நாள்தான் ஒரு மேடம் கூப்ட்டாங்க. மேசை மேல பைலு மலையாக் கெடந்துச்சு, அதுக்கு நடுவுல டிபன் டப்பா, தொறந்தது தொறந்தபடி. சாப்பிடக்கூட நேரமில்ல பாவம். நான் கத்தலாம்னுதான் போனேன். அவங்க மொகத்தப் பாத்ததும் பாதி சத்தம் போயிடுச்சு.

எல்லாத்தயும் சொன்னேன். லாரி வேஷத்த வுட்டுட்டு எல்லாத்தயும்.

"ஒரு இடம், ஒரு ஆள்னு விதிம்மா. கூட்டம் போட்டுத்தானே முடிவு பண்ணோம். யாரும் ஆட்சேபம் சொல்லலையே."

"ஆறு மணிக்குக் கூட்டம் போட்டா எவ மேடம் வருவா?"

"அஞ்சே முக்காலுக்கு மேலதான் எங்களுக்கு ஹால் கெடைக்கும்." பேனாவ மூடி வெச்சாங்க. அப்பறம் கொரலத் தாழ்த்திக்கினு சொன்னாங்க. "உங்க நல்லதுக்குச் சொல்றேன். ரெண்டு பேரும் அந்த இடத்தைப் பகிர்ந்துக்கிட்டோம்னு எங்கயும் எழுதிக் குடுத்துடாதீங்க. இடத்தை வேற ஆளுக்கு விட்டதா ஆயிடும். உங்க கார்டும் போயிடும். விடுபட்டவங்களுக்கு வேற இடம் குடுக்க ஒரு முகாம் போடறோம். அந்தம்மாவ ஆதாரத்தோட வரச் சொல்லுங்க."

ஆதாரம்னா இன்னா? கீரைக்கு எவ பில்லு குடுத்தா? ஆனா அக்கா அசரல. வாடிக்க வூடுங்களுக்கெல்லாம் ஏறி எறங்கிச்சு. ஒரு வூட்டு மாமி, பத்து வருஷமா இவகிட்டதான் கீரை வாங்கிண்டிருக்கேன்னு நோட்டு காயிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அத்தப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு, ரவிக்கைக்குள்ள வெச்சிக்கினு அக்கா தூங்கிச்சாம். முகாம் வர்ற வரைக்கும் தல மேல கூடைய வெச்சிக்கினு தெருத் தெருவா கூவிப் பாத்துச்சு. எல்லா எடத்துலயும் இப்ப அபார்ட்மெண்ட்டு, கேட்டுல செக்யூரிட்டி. உள்ள வுட மாட்டான். வெயில் ஏற ஏற கீரை தொவண்டு போவும். வித்தது கொஞ்சம், எறிஞ்சது மிச்சம். மாத்திரைய ஒரு நாள் வுட்டு ஒரு நாள் குடுக்கறேன்னு ஒரு தடவ சொல்லிச்சு. சொல்லிட்டு, நான் கேட்டுட்டனேன்னு பேச்ச மாத்திடுச்சு.

முகாம் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்துல. மேசைக்குப் பின்னால மூணு பேரு. நடுவுல மூக்குக் கண்ணாடி போட்ட பெரிய சாரு, பக்கத்துல அந்த மேடம். அக்கா என் கையப் புடிச்சிக்கினுதான் வரிசையில நின்னுச்சு. நான் ஒரு முடிவோடதான் போயிருந்தேன். கேட்டா ஒடச்சி சொல்லிடறது, கார்டு போனா போவுது, தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் இன்னா மொழம் இன்னா. ராத்திரி பொண்ணுகிட்ட அப்படித்தான் சொன்னேன். அவ பீஸு கட்டற நோட்டீஸ மட்டும் எடுத்து டிவி பொட்டிக்கு அடியில வெச்சா.

பெரிய சாரு மாமி கடுதாசியப் படிச்சாரு. மரியாதையாத்தான் படிச்சாரு. "கீரை விக்கறாங்கன்னு இருக்கு, சரி. எந்த இடத்துலன்னு இல்லையே?" அக்கா எடத்தச் சொல்லிச்சு. அவரு கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டுனாரு. தட்டிட்டு, அந்தத் திரைய எங்க பக்கம் திருப்புனாரு.

நான் ஒக்காந்து கீறேன், எதிர்ல அக்கா, கைல கிளிப்பு அட்ட, ஒதட்டப் பிதுக்கிக்கினு, பேரம் பேசற மூஞ்சி. அவ்ளோ தெளிவான போட்டோ.

"இது நீங்கதானேம்மா? இதுல நீங்க வாங்க வந்தவங்களா இல்ல இருக்கீங்க? கணக்கெடுப்பு ஆளு குறிப்புலயும் அப்படித்தான் போட்டிருக்காரு. வாடிக்கையாளர்."

அக்கா வாயத் தொறந்துச்சு. அந்த வாய்க்கு லாரிய ஏமாத்தத் தெரியும், கமிட்டிக்கு வெளக்கம் சொல்லத் தெரியாது. சார், நாங்க பயந்துக்கினு, லாரி வந்துச்சின்னு நெனச்சி, அப்படின்னு தொடங்கி எங்கெங்கியோ போச்சு. பின்னால வரிசையில இருந்தவங்க உச்சு கொட்டுனாங்க. பெரிய சாரு கைய ஒசத்தி நிறுத்திட்டு என்னப் பாத்தாரு.

"நீங்கதான் அட்டைதாரர். நீங்க சொல்லுங்க. இவங்க உங்க இடத்துல காலைல வியாபாரம் பண்ணாங்களா? ஆமாவா, இல்லையா?"

மேடம் என்னப் பாத்தாங்க. லேசா, யாருக்கும் தெரியாம, தலைய ஆட்டுனாங்க. வேணாம்னு. எனக்கு நல்லது நெனச்சித்தான் ஆட்டுனாங்க, அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். எனக்குப் பொண்ணு மூஞ்சி தெரிஞ்சிச்சு, வாடகை ரூம்பு தெரிஞ்சிச்சு.

"தெரியாது சார். நான் மத்தியானத்துக்கு மேலதான் வருவேன்"னு சொன்னேன்.

பொய்யின்னு யாரும் சொல்ல முடியாது. மத்தியானத்துக்கு மேலதான நான் வருவேன். தாயும் புள்ளயும் ஆனாலும் வாயும் வவுறும் வேறன்னு எங்கம்மா அடிக்கடி சொல்லும், அப்பல்லாம் எனக்கு அது யாரோ கல்நெஞ்சுக்காரங்களப் பத்தின பேச்சுன்னு தோணும். சாரு ஒரு கோடு போட்டாரு. அடுத்த ஆளக் கூப்ட்டாரு.

வெளிய வந்து மண்டபத்து வாசல்ல நின்னோம். அக்கா என்னத் திட்டும்னு காத்துக்கினு இருந்தேன். நாலு வார்த்த அசிங்கமா திட்டியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். அது மாமி கடுதாசிய மறுபடியும் கவர்ல போட்டு ரவிக்கைக்குள்ள வெச்சிக்கிச்சு. "நீ சொன்னது சரிதாம்மே. ரெண்டு பேரும் தெருவுக்கு வந்து இன்னா ஆவப் போவுது"ன்னுச்சு. பஸ்ஸு வந்துச்சு, ஏறிடுச்சு.

அதோட முடிஞ்சிச்சா? இல்ல. பத்து நாள்ல எனக்கு ஒரு நோட்டீஸு. காலை நேரத்துல எடம் காலியா கீது, மூணு தடவ பாத்தாச்சு, இன்னொரு தடவ காலியா இருந்தா பயன்படுத்தாத எடம்னு எழுதி வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்னு. ஒரு இடம், ஒரு ஆளு, முழு நாளு. அக்காவ எழுப்பி வுட்டதே அவங்க. எழுப்பி வுட்டுட்டு, ஏன் காலியா கீதுன்னு எனக்குக் காயிதம்.

அப்பறம் நானும் காலைல அஞ்சரைக்கே ஆதம்பாக்கத்துல பஸ்ஸு ஏற ஆரம்பிச்சேன். பொண்ணு தானே எழுந்து, தானே ஒலை வெச்சி சாப்ட்டுட்டுப் போனா. காலைல ஆறரை மணிக்கு எவ கிளிப்பு வாங்குவா? வர்ற ஜனமெல்லாம் பைய விரிச்சிக்கினு வந்து நின்னுச்சு. அரைக்கீரை இல்லியா, கீரைக்காரம்மா எங்கன்னு கேட்டுச்சு. நானே கீரை வாங்கிப் போடலாம்னா என் கார்டுல பேன்சின்னு போட்டிருக்கு, வேற சரக்கு வெக்கக் கூடாது. ஒரு நாளைக்கு முப்பது பேரு கேட்டாங்களோ நாப்பது பேரு கேட்டாங்களோ. ஒவ்வொருத்தருக்கும் வருவாங்க, வருவாங்கன்னு சொல்லிச் சொல்லி ஒரு நாள் ஒரு அம்மா மேல எரிஞ்சி வுழுந்துட்டேன். செத்துட்டாங்களான்னு கேட்டுச்சு அந்தம்மா. இல்லன்னு சொல்றதுக்குள்ள எனக்கு அழுக வந்துடுச்சு.

அக்காவுக்குப் போன் பண்ணா, நல்லா கீறேன்மே, வெயிலுதான் ஜாஸ்தின்னு சொல்லும். புருஷனப் பத்திக் கேட்டா, கீறாருன்னு சொல்லும். அதுக்கு மேல நானும் கேக்க மாட்டேன். கேக்கறதுக்கு எனக்கு எங்க மூஞ்சி?

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கெழம. ஏழு மணி இருக்கும். நிமிந்து பாத்தா அக்கா நிக்குது. ஆளு பாதியா எளச்சிப் போயிருந்துச்சு. தலையில கூடை. கீழ எறக்கி, என் ஷீட்டு ஓரத்துல, செவுத்த ஒட்டி ஒக்காந்துச்சு. "ஒரு மணி நேரம்மே. இன்னைக்கு வெள்ளிக்கெழம, நம்ம ஜனம் வரும். வித்துட்டு ஓடிடறேன். நேத்து ஒரு கட்டுகூட போவல. அந்தாளுக்கு மூணு நாளா மாத்திரை இல்ல." நான் ஷீட்ட என் பக்கம் மடிச்சி எடம் வுட்டேன். பழைய வாடிக்கைங்க பாத்துட்டு ஓடி வந்தாங்க. பத்து நிமிஷத்துல நாலு கட்டு போச்சு. அக்கா கொத்தமல்லியில தண்ணி தெளிச்சிக்கினே, ஒரு மாமிகிட்ட ஒடம்பப் பத்தி விசாரிச்சிக்கினு இருந்துச்சு.

போட்டோ புடிக்கிறவரு எதிர் சைடுல வந்து நின்னதப் பாத்தேன். புது உத்தரவு ஒண்ணு போன வாரம்தான் சொல்லியிருந்தாங்க. கார்டு இல்லாத ஆளு எந்தக் கார்டுக்காரங்க எடத்துல ஒக்காந்தாலும், கார்டுக்காரங்களே எழுப்பி வுடணும். வுடலன்னா போட்டோ ஏறிடும், கார்டு போயிடும். அவரு போன எடுத்துட்டாரு, ஆனா புடிக்கல. நான் இன்னா பண்ணறேன்னு பாத்துக்கினு நின்னாரு.

"எந்திரிக்கா"ன்னேன்.

"தோ, கொத்தமல்லி மட்டும் போவட்டும்மே. வாடிடும்." அக்கா அவரப் பாக்கல.

ரெண்டாவது தடவ, தெருவுக்கு அந்தப் பக்கம் நிக்கறவருக்குக் கேக்கணும்னு, சத்தமா சொன்னேன். மாமி கை பையோட அப்படியே நின்னுடுச்சு. அக்கா என்ன ஒரு தடவ பாத்துச்சு. மிச்சக் கட்டுங்கள ஒண்ணொண்ணா எடுத்துக் கூடையில வெச்சிச்சு. அதுக்கு முட்டி வலி, கீழ ஒக்காந்தா சட்டுனு எழுந்துக்க முடியாது. என் தோளத்தான் புடிச்சிக்கினு எழுந்துச்சு.